தகரக் கூரையின் கீழே ஒரு பாடம்

தகரக் கூரை வேய்ந்த வகுப்பறையில் கோடைப் பகலில் உட்கார்ந்திருக்கிறீர்களா? அப்போது பாடம் மனத்தில் பதியாது. மணி எப்போது அடிக்கும் என்றுதான் தோன்றும்.

மேற்கு ஆப்பிரிக்காவில், புர்கினா பாசோ நாட்டின் காண்டோ சிற்றூரில் பிறந்த பிரான்சிஸ் கெரேயும் சிறுவயதில் அப்படிப்பட்ட அறையில் படித்தவர்தான். பின்னர் பெர்லினில் கட்டடக்கலை பயின்றார். மாணவராக இருக்கும்போதே தம் ஊருக்கு ஒரு தொடக்கப் பள்ளியை வடிவமைத்தார். 2001-இல் முடிந்த அப்பள்ளி 2004-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.

இதனை 'மண் பள்ளி' என்று பலரும் புகழ்கின்றனர். இது பாதி உண்மையே.

சுவர்கள் மண்தான். ஆனால் வெறும் மண் மழையில் கரையும். ஊரார் முதலில் தயங்கியதும் அதனால்தான். எனவே மண்ணுடன் சிறிது சிமெண்டு கலந்து, அழுத்திக் கற்களாக்கினர். கூரையை அகலமாக வெளியே நீட்டி, சுவரின் மேல் மழை படாமல் காத்தனர்.

கூரையோ தகரமே! அப்படியானால் வெப்பம் என்னவாயிற்று? அறைக்கு மேலே துளைகள் கொண்ட மண்கல் தளம் ஒன்று உண்டு. தகரம் அதற்கும் மேலே, இடைவெளி விட்டு நிற்கிறது. அறையின் சூடான காற்று இலேசாகி, துளைகள் வழியே மேலேறுகிறது. இடைவெளியில் வீசும் காற்று அதை அடித்துச் செல்கிறது. சன்னல் வழியே புதுக் காற்று நுழைகிறது. மின்விசிறிக்கு வேலை இல்லை.

கூரையைத் தாங்கும் சட்டங்களும் எளியவை. பாரந்தூக்கி கிடையாது, ஆகவே மெல்லிய இரும்புக் கம்பிகளை ஊராரே அறுத்துப் பற்றவைத்தனர். சுவர் விரிசல் கண்டால் பழுதுபார்க்கும் கைகள் ஊரிலேயே உள்ளன. என் கருத்தில், இக்கட்டடத்தின் தலையாய சிறப்பு இதுவே.

குறை இல்லையா? உண்டு. சிமெண்டு, இரும்பு, தகரம் மூன்றும் வெளியிலிருந்து வந்தவை. பணத்தையும் கெரே ஜெர்மனியில் திரட்ட வேண்டியிருந்தது. எல்லா ஊருக்கும் ஒரு கெரே கிடைப்பாரா? தோற்றத்தை மட்டும் பார்த்து, மண்சுவர் எழுப்பி, அதன்மேல் தாழ்வாகத் தகரம் போட்டால் பழைய அடுப்புதான் திரும்ப வரும்.

பொருள் எதுவென்பது மட்டும் போதாது. அதை எங்கே, எப்படி வைக்கிறோம் என்பதும் வேண்டும். நாளை உங்கள் வகுப்பறையில் அண்ணாந்து பாருங்கள்: சூடான காற்று வெளியேற மேலே வழி இருக்கிறதா?