'ஜகாட்' என்று யாரைச் சொல்கிறோம்?



"அவனா? ரொம்ப ஜகாட் சார் அவன்!" லுக்குட் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. மலாயின் 'ஜஹாட்' நம் வாயில் 'ஜகாட்' ஆனது. கெட்டவன், அடங்காதவன் என்று பொருள். அந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து 2015-இல் சஞ்சய் குமார் பெருமாள் ஒரு மலேசியத் தமிழ்ப் படம் எடுத்தார். அதை ஏன் வகுப்பில் பேச வேண்டும்?

முதலில் வேறொரு படத்தைப் பார்ப்போம். 1915-இல் தொடங்கிய இனப்படுகொலையால் ஆர்மேனியர்கள் உலகெங்கும் சிதறினார்கள். ஆட்டம் எகோயன் அந்த வழியில் வந்தவர். கெய்ரோவில் பிறந்து கனடாவில் வளர்ந்தவர். அவருடைய 'காலண்டர்' (1993) படத்தில் ஒரு புகைப்படக்காரர், நாட்காட்டிக்காகத் தேவாலயங்களைப் படமெடுக்க ஆர்மேனியா போகிறார். மூதாதையர் மொழி அவருக்குத் தெரியாது, மனைவிதான் மொழிபெயர்க்கிறார். அவரோ கேமராவை விட்டு நகர்வதே இல்லை. படங்கள் அழகாக வருகின்றன. மனைவி விலகிப் போகிறார். பூர்வீகத்தை வெறும் அழகான படமாகப் பார்த்தால் உயிருள்ளதை இழப்போம் என்பதே நான் அதில் கண்டது.

இந்தக் கண்ணோடு நம் பக்கம் திரும்புங்கள். நாம் இழந்த ஊர் கடலுக்கு அப்பால் மட்டுமா இருக்கு? பால்மரம் போய்ச் செம்பனையும் வீடமைப்பும் வந்த இடங்களிலும் இருக்கு. ஆனால் தோட்டம் என்றாலே நம் கட்டுரைகளில் பனி, கோயில் திருவிழா, லயத்து ஒற்றுமைதான். அதுவும் ஒரு நாட்காட்டிப் படம்தானே?

'ஜகாட்' அப்படி ஏங்குவதில்லை. தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் 1990-களை அது காட்டுகிறது. பன்னிரண்டு வயது அப்போய் கற்பனை நிறைந்த பையன். படிச்சு முன்னேறணும் என்று அடிக்கும் அப்பா ஒரு பக்கம். குண்டர் கும்பலில் இருக்கும் சித்தப்பா மறுபக்கம். அப்பா கெட்டவர் இல்லை, பயந்தவர். அந்தப் பயமே பையனை எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. இதைப் படம் யாருக்கும் உபதேசிக்காமல் சொல்கிறது. அதுதான் அதன் பலம்.

குறையும் உண்டு. பெண்களின் குரல் அதிகம் கேட்பதில்லை. தீபக் குமாரன் மேனனின் 'செம்மண் சாலை' (2005) அந்த இடத்தை நிரப்புகிறது. அதன் மையமே மேற்படிப்புக்கு ஆசைப்படும் தோட்டத்துப் பெண்தான். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்.

2016 மலேசியத் திரைப்பட விழாவில், மலாய் அல்லாத படங்களுக்குத் தனிப்பிரிவு வைத்ததற்குக் கலைஞர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். கடைசியில் 'ஜகாட்' சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. 'கெட்டவன்' என்ற பெயரோடு வந்த படத்துக்கு நாட்டின் விருது!

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை: படத்தில் வன்முறையும் போதைப்பழக்கமும் உண்டு. முதலில் நீங்கள் பார்த்துவிட்டுப் பொருத்தமான பகுதிகளை மட்டும் காட்டுங்கள். மாணவர்களே, பாத்திரப்படைப்பு பற்றி எழுதும்போது 'அப்போய் நல்லவனா கெட்டவனா' என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். அவனை அப்படி அழைத்தது யார், ஏன், அதன் பிறகு என்ன ஆனது என்று எழுதுங்கள்.

நாளைக்கு வகுப்பில் ஒருவனை 'ஜகாட்' என்று சொல்ல வாய் வந்தால், ஒரு நிமிஷம் நிறுத்தி அவன் நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் பார்ப்போம்.