நினைவேக்கமும் பாடமும்: பழைய இயங்குதளங்களை நினைவுகூரும் போக்கு குறித்த திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பழைய கணினி இயங்குதளங்கள் மீதான ஏக்கம் இன்று ஒரு பண்பாட்டுப் போக்காக வளர்ந்துள்ளது. அவ்வேக்கம் எவற்றை நினைவில் நிறுத்துகிறது, எவற்றை விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தளங்களின் ஒலியும் தோற்றமும் எளிதில் காக்கப்படுகின்றன. அத்தளங்களில் உருவான தமிழ்ப் பனுவல்களோ படிக்க இயலாதனவாகி வருகின்றன. எனவே பழைய தளங்களைப் பற்றிய அறிவு, பதிப்பியலின் ஒரு பகுதியாகக் கொள்ளத்தக்கது என்பது இக்கட்டுரையின் முடிபாகும்.

திறவுச்சொற்கள்: இயங்குதளம், நினைவேக்கம், எழுத்துரு, குறியேற்றம், பாமினி, பதிப்பியல்

முன்னுரை

'நாஸ்டால்ஜியா' என்னும் சொல்லை 1688இல் பாசல் நகரில் அளித்த மருத்துவ ஆய்வேட்டில் ஜோகன்னஸ் ஹோஃபர் உருவாக்கினார். தாய்மண்ணைப் பிரிந்தோர்க்கு உண்டாகும் நோயை அச்சொல் குறித்தது. காலப்போக்கில் அது இடத்தைப் பிரிந்த துயரினின்றும் காலத்தைப் பிரிந்த துயராகப் பொருள் விரிந்தது. ஸ்வெட்லானா பாய்ம் 2001இல் வெளியிட்ட நூலில் நினைவேக்கத்தை இருவகைப்படுத்தினார். இழந்ததை மீண்டும் கட்டியெழுப்ப முனைவது ஒன்று. இழப்பை எண்ணி அதில் தோய்வது மற்றொன்று. பழைய இயங்குதளங்கள் மீதான ஏக்கத்தில் இவ்விரண்டும் காணப்படுகின்றன. ஆயின் தமிழ்ப் பனுவல்களை முன்வைத்து நோக்கும்போது, இவ்விருவகைக்குள்ளும் அடங்காத ஒரு தேவை புலப்படுகிறது.

நினைவில் நிற்பவை

விண்டோஸ் 95 இயங்குதளம் 1995 ஆகஸ்டு 24 அன்று வெளியானது. அதன் தொடக்க ஒலியை இசைக்கலைஞர் பிரையன் ஈனோ அமைத்தார். 2001 அக்டோபர் 25 அன்று வெளியான விண்டோஸ் எக்ஸ்பியின் பின்னணிப்படமான பசும்புல் மேடு, கலிபோர்னியாவின் சோனோமா பகுதியில் சார்லஸ் ஓரியர் 1996இல் எடுத்த ஒளிப்படமாகும். பழைய தளங்களை நினைவுகூர்வோர் முதலில் சுட்டுவன இவைபோன்றனவே.

இவை அனைத்தும் பழைய கணினியின் துணையின்றியே வாழ வல்லவை. ஒலிக்கோப்பை எந்தப் புதிய கருவியும் இசைக்கும். படத்தை எந்தத் திரையும் காட்டும். எக்ஸ்பியின் அடையாளமாகிய ஒளிப்படமும் அத்தளம் தோன்றுவதற்கு ஐந்தாண்டுகள் முன்னரே எடுக்கப்பட்டது. ஆக, காக்கப்பட வேண்டிய தேவை மிகக் குறைவாக உள்ளவற்றையே நினைவேக்கம் மிகுதியாகக் காத்து வருகிறது.

தமிழை அறியாத தளம்

விண்டோஸ் 95, 98 ஆகியவை தமிழுக்கான ஆதரவின்றியே வெளிவந்தன. ஒருங்குறித் தரத்தில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்திருந்தும், விண்டோஸ் வரிசையில் அத்தகைய ஆதரவு விண்டோஸ் 2000உடன் தான் வந்தது. அதற்கு முன் தமிழ், எழுத்துருவில் மட்டுமே இருந்தது; ஆங்கில எழுத்துகளுக்கு உரிய இடங்களில் தமிழ் வடிவங்கள் வரையப்பட்டன.

ஈழத்தமிழரிடையேயும் புலம்பெயர்ந்தோரிடையேயும் பரவலாக வழங்கிய பாமினி எழுத்துரு இதற்குத் தக்க சான்று. 'தமிழ்' என்னும் சொல் பாமினியில் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கிலச் சிறிய எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் கோப்பில் பதிவாகிறது. கணினியைப் பொறுத்தவரை அது பொருளற்ற ஆங்கிலத் தொடர். தமிழாக இருந்தது படிப்பவரின் கண்ணில் மட்டுமே. எழுத்துரு நீங்கினால் தமிழும் நீங்கிவிடும்.

இத்தகைய குறியேற்றங்கள் பல இருந்தன. பயனர்களின் கூட்டு முயற்சியால் டிஸ்கி உருவானது. தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் ஆகிய தரங்களை ஏற்றது. பதிப்பகங்களும் அச்சகங்களும் தத்தம் எழுத்துருக்களைக் கையாண்டன. ஒரே எண் ஓர் எழுத்துருவில் ஓர் எழுத்தையும் மற்றொன்றில் வேறோர் எழுத்தையும் குறித்தது. நூலாக்கத்தில் பெரிதும் வழங்கிய பேஜ்மேக்கர் மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001இல் வெளியானது. அதன் கோப்புகளை இன்டிசைன் சிஎஸ்6 வரையிலான பதிப்புகள் திறந்தன, பின்வந்தவை திறப்பதில்லை. 64 பிட் விண்டோஸ் தளங்களில் 16 பிட் மென்பொருள்கள் இயங்குவதில்லை. ஆகவே 1990களில் கணினியில் கோக்கப்பட்ட நூலோ ஆய்வேடோ கோப்பாக எஞ்சியிருப்பினும், அது படிக்கத்தக்கதாக எஞ்சியிருக்கிறது எனக் கொள்ள இயலாது.

பிழையும் பாடமும்

பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றும் செயலிகள் உள்ளனவே, பழைய தளம் எதற்கு என்னும் வினா எழலாம். ஓர் எடுத்துக்காட்டு இவ்வினாவிற்கு விடை தரும். பாமினியில் ஆங்கிலச் சிறிய ஜே 'த' ஆகும். பெரிய ஜே 'து' ஆகும். தொடரின் முதலெழுத்தைத் தானாகவே பெரிய எழுத்தாக்கும் வசதி ஆங்கிலத்திற்கான சொற்செயலிகளில் உண்டு. அவ்வசதி நிறுத்தப்படாதபோது தொடர் முதலில் நிற்கும் 'தமிழ்', 'துமிழ்' ஆகிவிடும். மாற்றுச் செயலி இப்பிழையை அறியாது. 'துமிழ்' என்றே ஒருங்குறியில் எழுதிவைக்கும். இப்பிழை எழுதியவருடையதன்று, தட்டச்சாளர் விரல் தவறியதும் அன்று. அது இயங்குதளமும் சொற்செயலியும் எழுத்துருவும் கூடிச் செய்த பிழை.

தமிழ்ப் பதிப்பியலுக்கு இந்நிலை புதிதன்று. ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இராது. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப்படா. காலும் ரகரமும் மயங்கும். சுவடியின் இவ்வெழுத்து வழக்கை அறிந்தமையாலேயே உ.வே.சாமிநாதையர் முதலிய பதிப்பாசிரியர்கள் பாடத்தைத் தெளிந்தனர். ஓலையின் இயல்பை அறியாதவர் எழுத்து மயக்கத்தைப் பாடவேறுபாடு எனக் கொள்வர். அவ்வாறே, எழுத்துருவின் இயல்பை அறியாத எதிர்கால ஆய்வாளர் 'துமிழ்' என்பதற்கு வட்டார வழக்கென்றோ சொல்லாக்கமென்றோ விளக்கம் காணவும் கூடும். சொல்லடைவு, சொல் நிகழ்வெண் போன்ற கணினிவழி ஆய்வுகள் இத்தகைய மூலங்களை நம்பி நிகழும்போது பிழை பன்மடங்காகப் பெருகும்.

ஏக்கத்தின் பயன்

இதனால் நினைவேக்கம் பயனற்றது என்பது பொருளன்று. பழைய கணினிகளைப் பழுதுபார்த்து இயக்குவோரும், புதிய கணினிக்குள் பழைய தளத்தை இயக்கும் மென்பொருள்களை ஆக்குவோரும் பெரும்பாலும் விருப்பத்தினால் உழைப்பவர்களே. அவ்விருப்பம் இன்றேல் பழைய கோப்பைத் திறக்கும் வழிகள் பல அடைபட்டிருக்கும். குறை விருப்பத்தில் இல்லை. அது தோற்றத்தோடு நின்றுவிடுவதில் உள்ளது. எக்ஸ்பியின் புல்மேட்டை நினைவுகூரும் தமிழர், அத்தளத்தில் தமிழைக் காணத் தனியே ஒரு தெரிவைக் குறியிட்டு நிறுவல் குறுவட்டை இட வேண்டியிருந்ததையும் நினைவுகூர்வாராயின், அந்நினைவு தமிழ்க் கணிமை வரலாற்றின் சான்றாகும்.

முடிவுரை

விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்றும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் நிறுத்தப்பட்டன. தளங்கள் மூப்படைவது தொடரும். எனவே பழைய கோப்புகளை வைத்திருக்கும் துறைகளும் நூலகங்களும் நான்கு செயல்களை மேற்கொள்ளுதல் வேண்டும். கோப்புடன் அதன் எழுத்துருவையும் சேர்த்துக் காத்தல். குறியேற்றம், மென்பொருள், இயங்குதளம் ஆகியவற்றின் பெயர்களைப் பதிவுசெய்தல். ஒருங்குறிக்கு மாற்றிய பின்னரும் மூலக்கோப்பை அழியாது வைத்தல். மாற்றிய பாடத்தை அச்சுப்படியோடு ஒப்புநோக்குதல் என்பன அவை. சுவடி படிக்கும் பயிற்சி பெறுவோர்க்கு எழுத்துருப் படிக்கும் பயிற்சியும் தேவைப்படும் காலம் வந்துவிட்டது. அப்பயிற்சியை அளிக்க வல்லோர், அத்தளங்களில் தட்டச்சு செய்த தலைமுறையினரே. அவர்கள் இருக்கும்போதே அவ்வறிவு எழுதிவைக்கப்பட வேண்டும்.