புனைபெயர் கழன்ற கடிதங்கள்

ஜார்ஜ் எலியட் என்னும் ஆண்பெயரில் எழுதிய ஆங்கில நாவலாசிரியை மேரியன் எவான்ஸின் கடிதங்களைக் கோர்டன் ஹெயிட் என்பார் 1954 முதல் 1978 வரை ஒன்பது தொகுதிகளாக வெளியிட்டார். தமிழில் அதனையொத்த நூலொன்றைக் கூறுக என்றால், இளையபாரதி தொகுத்த 'கண்மணி கமலாவுக்கு' என்பதையே கூறுவேன். புதுமைப்பித்தன் என்று நாமறிந்த சொ. விருத்தாசலம் தம் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் அவை. கவிதைக்கென்று வேளூர் வெ. கந்தசாமிப் பிள்ளை என வேறொரு பெயரும் வைத்துக்கொண்டவர் அவர்.

மனைவிக்கு எழுதியதை ஊரார் படிப்பது முறையோ என்று வினவுவாருளர். வினா நியாயமானதே, யானும் முதற்சில பக்கங்களைக் கூச்சத்தோடுதான் படித்தேன். ஆயினும், கதைகளில் கடவுளையும் விட்டுவைக்காத அந்த ஏளனக்காரர், இங்கே பணமனுப்ப இயலாத நாளில் தவிக்கிறார்; விரைவில் அழைத்துக்கொள்வதாகத் தேறுதல் கூறுகிறார். பிழைப்போ சென்னையில்; கமலா அம்மையாரோ பெரும்பாலும் திருவனந்தபுரத்தில்.

ஜாசின், அலோர் காஜா வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்கு இக்குரல் புதிதன்று. எழுத்தறிந்தவரை அருகிருத்தி, "பணம் அடுத்த மாதம் வரும் என்று போடுங்கள் ஐயா" எனச் சொல்லி எழுதுவித்த முதியோரை நாமறிவோம்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட 'துன்பக்கேணி'யை அவர் 1935இல் எழுதினார். தோட்டத்தில் வாழாதவர் அதை எங்ஙனம் எழுதினார் என்று நம்மவர் வியப்பதுண்டு. கடிதங்களைக் காட்டி, தம் பிரிவுத்துயரையே அவர் கதையாக்கினார் என்று சிலர் விடைசொல்லக்கூடும். அதனை யான் ஒப்பேன். மாத வருவாய் தட்டுப்பட்ட எழுத்தாளரின் இடர் வேறு. கங்காணிக்கும் துரைக்கும் இடையே சிக்கியவளின் இடர் வேறு. கடிதத்தைக் கதைக்குத் திறவுகோலாக்கினால் கதை சிறுத்துப்போகும்.

நூலில் நெஞ்சை உலுக்குவன புனாக் கடிதங்கள். தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதச் சென்ற இடத்தில் காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் திரும்பி, 1948 ஜூன் 30இல் மறைந்தார். வயது 42. அக்கடிதங்களில் நகையாடலுக்கு இடமேயில்லை.

ஒரு குறை. இந்நூலில் ஒரு குரலே கேட்கிறது. கமலா விருத்தாசலமும் கதை எழுதியவரே. 'காசுமாலை' அவருடைய தொகுதி. கணவர் கடிதம் கண்ட அன்றிரவு அவர் விளக்கடியில் அமர்ந்து எழுதிய மறுமொழியைப் படிக்கத்தான் மனம் ஏங்குகிறது.