ஊக்கமருந்து என்ற சொல்லும் குற்றாலத்துக் கடைத்தெருவும்

'ஊக்கமருந்தைத் தவிர்ப்போம்' என்ற வாசகத்தில் என் சண்டை அந்த முதல் சொல்லோடுதான். மருந்து என்றால் நம்மூரில் ஊசி, மாத்திரை. லேகியமும் கஷாயமும் 'உடம்புக்கு நல்லது' என்ற கணக்கில் போய்விடும். தென்காசியில் கூடைப்பந்து ஆடும் பையனிடம் 'ஊக்கமருந்து எடுத்தியா?' என்று கேட்டால் இல்லைன்னுதான் சொல்வான். அவனைப் பொறுத்தவரை அது பொய்யும் இல்லை.

இந்தியக் கூடைப்பந்தில் பெரிதாகப் பேசப்பட்ட வழக்கையே எடுத்துக்கொள்வோம். பஞ்சாபின் சத்னாம் சிங், 7 அடி 2 அங்குலம். 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸ் அவரை 52-ஆவது இடத்தில் எடுத்தது, என்.பி.ஏ. டிராஃப்ட்டில் தேர்வான முதல் இந்தியர் அவர்தான். 2019 நவம்பரில், போட்டி எதுவும் இல்லாத நேரத்தில் நடந்த சோதனையில் சிக்கினார். 2020 டிசம்பரில் நாடாவின் ஒழுங்குக் குழு இரண்டாண்டுத் தடை போட்டது. பொருளின் பெயர் ஹைஜெனமைன். இது ஸ்டீராய்டு இல்லை. சில தாவரங்களில் இயல்பாகவே இருப்பது. தாமரை விதைக்குள் இருக்கும் பச்சை முளையில்கூட உண்டு. உலக அமைப்பான வாடா 2017-இலிருந்து பெயர் சொல்லியே இதைத் தடைப்பட்டியலில் வைத்திருக்கிறது. அவர் உடம்புக்குள் அது எப்படிப் போனது என்ற விவாதத்துக்குள் நான் நுழையவில்லை. 'மூலிகைதானே' என்ற சமாதானம் இங்கே எடுபடாது என்பதுதான் எனக்கு முக்கியம். உடலில் எது இருந்தாலும் வீரரே பொறுப்பு. தெரியாமல் சாப்பிட்டேன் என்பது தண்டனையைக் குறைக்க உதவலாம், அவ்வளவே.

இப்போது குற்றாலத்துக்கு வாருங்கள். தைலம், பொடி, லேகியம் என்று கடைகள். எல்லாமே தடைப்பொருள் என்று நான் சொல்லவரவில்லை. உள்ளே என்ன சேர்ந்திருக்கிறது என்று எழுதாத பொட்டலத்தை வைத்துக்கொண்டு விசாரணையில் ஒரு வீரர் எதைக் காட்டுவார்? அருவியில் குளித்துச் சளி பிடித்தால் இன்னொரு சிக்கல். சளி மாத்திரையில் வரும் பினைலெஃப்ரின் தடைப்பட்டியலில் இல்லை. சூடோஎபிட்ரின் போட்டிக் காலச் சோதனையில், சிறுநீரில் மில்லிலிட்டருக்கு 150 மைக்ரோகிராமைத் தாண்டினால் மாட்டிவிடும். அட்டையில் பொடி எழுத்தில் பார்த்தால் ரெண்டும் வாயில் நுழையாத பேருதான்.

ஒரு விளையாட்டு வீரருக்கு இந்த விஷயத்தில் முதல் அனுபவம் கல்வியாக இருக்க வேண்டும், சோதனையாக இருக்கக் கூடாது என்கிறது 2021-இல் நடைமுறைக்கு வந்த வாடாவின் கல்வித் தரநிலை. நல்ல வரி. ஆனால் கல்வி என்ற பெயரில் 'ஏமாற்றாதே' என்று ஒரு மணி நேரம் நீதிபோதனை செய்தால், ஏமாற்றும் எண்ணமே இல்லாத பையன் 'இது நமக்கில்லை' என்று கொட்டாவிதான் விடுவான். வகுப்பை ஒரு சளி மாத்திரை அட்டையோடு ஆரம்பிக்கலாம்: இதுல என்ன இருக்கு, வாசி. அடுத்தது புரோட்டீன் பவுடர் டப்பா. அப்புறம் லேகியம். பயிற்சியாளரோடு அம்மாவையும் உட்கார வைக்க வேண்டும். லேகியம் வாங்கித் தருவது அவங்கதானே.