இடைநிலைத் தோட்டாக்கள்: படைப் பயன்பாடும் குடிமக்கள் பயன்பாடும்

இடைநிலைத் தோட்டா என்பது கைத்துப்பாக்கித் தோட்டாவை விட ஆற்றல் மிகுந்ததும், பழைய முழு ஆற்றல் ரைபிள் தோட்டாவை விட ஆற்றல் குறைந்ததுமான தோட்டா வகையாகும். இக்கட்டுரையில் உறை, வெடிமருந்து, குண்டு ஆகியவை சேர்ந்த முழுப்பொருள் தோட்டா எனவும், குழலிலிருந்து பாய்ந்து செல்லும் பகுதி மட்டும் குண்டு எனவும் குறிக்கப்படுகின்றன. இவ்வகையில் எது சிறந்தது என்ற கேள்விக்குப் பலரும் ஆற்றல் அட்டவணையைக் காட்டுகின்றனர். அந்த அட்டவணை பாதி உண்மையையே சொல்கிறது.

தோற்றம்

இரண்டாம் உலகப் போருக்கு முற்பட்ட ரைபிள் தோட்டாக்கள் ஆயிரம் மீட்டருக்கு அப்பாலும் கொல்லவல்லவை. ஆனால் காலாட்படையினரின் மோதல்கள் பெரும்பாலும் 300, 400 மீட்டருக்குள்ளேயே நடந்தன. பயன்படாத ஆற்றலுக்காக வீரர் கூடுதல் எடையைச் சுமந்தார். கூடுதல் உதைப்பையும் தாங்கினார். இதற்கு மாற்றாகவே செருமனி 7.92×33 மி.மீ. தோட்டாவை உருவாக்கியது. சோவியத் ஒன்றியம் 1943இல் தொடங்கிய முயற்சியின் பயனாக வந்த 7.62×39 மி.மீ. தோட்டா, பின்னர் ஏகே-47 துப்பாக்கிக்கு உரியதாயிற்று. அமெரிக்கா 1960களில் எம்16 துப்பாக்கியுடன் 5.56×45 மி.மீ. தோட்டாவுக்கு மாறியது.

எண்கள் மறைப்பவை

7.62×39 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 7.9 கிராம், வேகம் நொடிக்குச் சுமார் 715 மீட்டர். நேட்டோ 1980இல் தரப்படுத்திய 5.56 தோட்டாவின் குண்டு ஏறத்தாழ 4 கிராம். வேகம் சுமார் 940 மீட்டர். இயக்க ஆற்றலைக் கணக்கிட்டால் முதலாவது ஏறத்தாழ 2,020 ஜூல், இரண்டாவது 1,770 ஜூல். வேறுபாடு சிறிதே.

ஆனால் தோளில் உணரும் உதைப்பு உந்தத்தைப் பொறுத்தது. நிறையை வேகத்தால் பெருக்கினால் முதலாவதன் உந்தம் ஒன்றரை மடங்காகிறது. தோட்டாவின் மொத்த எடையும் சுமார் 16 கிராமுக்கு எதிராக 12 கிராம். நூறு தோட்டாக்களுக்கு இவ்வேறுபாடு 400 கிராம். தொடர்ந்து சுடவும் நெடுந்தூரம் நடக்கவும் வேண்டிய வீரருக்கு ஆற்றலைவிட இவை முக்கியமானவை. சோவியத் ஒன்றியமே 1974இல் இன்னும் சிறிய 5.45×39 தோட்டாவுக்கு மாறியதன் காரணமும் இதுவே.

போரில் தடை, வேட்டையில் கட்டாயம்

படைத் தோட்டாவையும் வேட்டைத் தோட்டாவையும் ஒரே அளவுகோலால் அளப்பது இதைவிடப் பெரிய பிழை. கொல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில் உருவான விரியும் குண்டுகள் எழுப்பிய எதிர்ப்பின் தொடர்ச்சியாக, உடலுக்குள் எளிதில் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதை 1899ஆம் ஆண்டின் ஹேக் பிரகடனம் தடை செய்தது. எனவே படைவீரரின் குண்டு முழு உலோக உறை கொண்டது.

வேட்டையில் நிலைமை தலைகீழ். விலங்கு காயத்துடன் தப்பி நெடுநேரம் துன்புறாமல் விரைவில் இறக்க வேண்டும் என்பதே அங்கு நெறி. இங்கிலாந்தின் 1991ஆம் ஆண்டு மான் சட்டம், ரைபிளில் மென்முனை அல்லது குழிமுனைக் குண்டுகளையே அனுமதிக்கிறது. சிற்றின மான்களுக்கான விலக்கு நீங்கலாக, குறைந்தது 2,305 ஜூல் ஆற்றலையும் கோருகிறது. மேலே கணக்கிட்ட இரு படைத் தோட்டாக்களும் இந்த வரம்பை எட்டவில்லை. போர்க்களத்தில் அஞ்சப்படும் தோட்டா, மானுக்குப் போதாது என்று சட்டம் சொல்கிறது.

தோற்ற ஒற்றுமையின் ஆபத்து

குடிமக்கள் பயன்படுத்தும் .223 ரெமிங்டன் தோட்டாவும் படைத்துறையின் 5.56 தோட்டாவும் பார்வைக்கு ஒன்றே. ஆயினும் இரண்டுக்குமான தோட்டா அறைகளின் அளவுகள் சற்று வேறுபடுகின்றன. .223க்கென அமைந்த அறையில் 5.56 தோட்டாவைச் சுட்டால் அழுத்தம் பாதுகாப்பான எல்லையை மீறக்கூடும். துப்பாக்கிக் குழலில் பொறித்துள்ள குறியீட்டைப் பார்க்காமல் "இரண்டும் ஒன்றுதான்" என்று எழுதுவது பொறுப்பற்ற செயல்.

மதிப்பீடு

இந்தியப் படை 5.56 மி.மீ. இன்சாஸ் துப்பாக்கியை நெடுங்காலம் பயன்படுத்திய பின், 7.62×39 தோட்டாவுக்கான ஏகே-203 துப்பாக்கியை ஏற்றுள்ளது. புதியது பழையதை வென்றே தீரும் என்ற கருத்தும் இதனால் நிலைக்கவில்லை. இடைநிலைத் தோட்டா என்பது எடை, உதைப்பு, தூரம், சட்டம் ஆகியவற்றுக்கு இடையிலான ஓர் உடன்பாடு. யார், எதை நோக்கி, எந்தச் சட்டத்தின் கீழ் சுடுகிறார் என்று கேட்காத ஒப்பீடு, எண்களைச் சரியாகத் தந்தாலும் முடிவைத் தவறாகவே தரும்.