கத்தரிக்குப் பலியான டைனோசர்கள்

'ஜுராசிக் பார்க்' படத்தில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி படத்தில் இல்லை. சமையலறைக்குள் இரண்டு ராப்டர்கள் புகுந்து பிள்ளைகளைத் தேடும் இடம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். படப்பிடிப்புக்கு முன்பே அந்தக் காட்சியைப் பொம்மை அசைவுக் கலைஞர் பில் டிப்பெட் பொம்மைகளை வைத்து, ஓர் அசைவுக்கு ஒரு படம் என்று எடுத்துப் பார்த்துவிட்டார். அதில் ராப்டர்கள் பாம்புபோல நாக்கை நீட்டி நீட்டி உள்ளே வருகின்றன. தொல்லுயிர் அறிஞர் ஜாக் ஹார்னர் பார்த்துவிட்டு, டைனோசர் பல்லி இல்லை, நாக்கு கூடாது என்று தடுத்துவிட்டார். நாக்கு போனது. அந்த இடத்துக்கு வந்ததுதான் கதவின் வட்டக் கண்ணாடியில் ராப்டர் விடும் மூச்சு. கண்ணாடி பனிக்கிறது, உள்ளே இருப்பது வெப்ப ரத்த மிருகம் என்று ஒரு வரி வசனமில்லாமல் புரிந்துவிடுகிறது. நாக்கை விட ஆவி பயங்கரம்.

முழு உருவ டைனோசர்களை டிப்பெட்டின் பொம்மைகளைக் கொண்டே எடுப்பதுதான் ஸ்பீல்பெர்க்கின் முதல் திட்டம். கம்ப்யூட்டரில் ஓடவிட்ட டி.ரெக்ஸைப் பார்த்தபின் அது கைவிடப்பட்டது. தன் இனம் அழிந்துவிட்டது என்று டிப்பெட் நொந்துகொண்டார். ஸ்பீல்பெர்க் அதையே படத்தில் வசனமாக்கிவிட்டார். ஆளை மட்டும் அனுப்பவில்லை. கம்ப்யூட்டர்க்காரர்களுக்கு மிருகம் எப்படி எடை வைத்து நடக்கும், எப்படித் தலை திருப்பும் என்று சொல்லித்தர அவர் வேண்டியிருந்தது. தூக்கிப்போட்ட முறையின் கைப்பழக்கம், ஜெயித்த முறைக்குள் இப்படித்தான் நுழைந்தது. அடுத்த முப்பது வருஷத்தில் வந்த எத்தனையோ கிராபிக்ஸ் மிருகங்களுக்கு இல்லாத கனம் இந்த 1993 டி.ரெக்ஸுக்கு இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பேன்.

குட்டி டிரைசெராடாப்ஸ் விஷயத்தில் எனக்கு வருத்தமே இல்லை. சிறுமி அதன்மேல் ஏறிச் சவாரி போவதாகக் காட்சி. ஸ்டான் வின்ஸ்டன் குழு மெனக்கெட்டு இயந்திரக் குட்டியைச் செய்தும் வைத்துவிட்டது. கதையின் வேகம் கெடும் என்று எடுக்காமலே விட்டார்கள். நல்லவேளை! இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படத்தில் டைனோசர்கள் தெரிவது சுமார் 15 நிமிடம்தான். அந்தச் சிக்கனம்தான் படத்தின் அழகு.

கிளைமாக்ஸும் முதலில் வேறு. பூங்கா மண்டபத்தில் நிற்கும் டைனோசர் எலும்புக்கூட்டில் சிக்கி ராப்டர் சாவதாக எழுதியிருந்தார்கள். படத்தின் ஹீரோ டி.ரெக்ஸ்தானே, கடைசியில் அது வராமல் எப்படி என்று ஸ்பீல்பெர்க் பாதியில் மாற்றினார். தம்ளர் தண்ணீரை நடுங்கவைத்த காலடி, மண்டபத்துக்குள் சத்தமே இல்லாமல் எப்படி வந்தது? கேட்கக்கூடாது. விசில் அடிக்க வேண்டிய இடம் அது.

மைக்கேல் கிரைட்டன் 1990இல் எழுதிய நாவலிலிருந்து முதல் படத்தில் விடுபட்டவை ஒவ்வொன்றாகத் திரும்பி வந்த கதை தனி. கடற்கரையில் சிறுமியைக் கடிக்கும் குட்டி டைனோசர்களும், அருவிக்குப் பின்னால் ஒளிந்தவர்களைத் துழாவும் டி.ரெக்ஸின் நாக்கும் 1997இல் 'தி லாஸ்ட் வேர்ல்ட்' படத்தில் வந்தன. பறவைக்கூண்டு 2001இல் மூன்றாம் பாகத்தில். மிதவையில் தப்பும் ஆற்றுக் காட்சி மட்டும் 2025 வரை காத்திருந்து 'ரீபர்த்'தில் வந்தது. எழுதியவர் முதல் படத்துக்கு எழுதிய அதே டேவிட் கெப். இடையில் நான்காம் பாகத்துக்கென மனித மரபணு கலந்த டைனோசர்களைக் கூலிப்படையாக்கும் திரைக்கதை ஒன்றும் எழுதிக் கைவிடப்பட்டது. அதற்காக வரைந்த ஓவியங்களைப் பார்த்தால் சிரிப்பு வரும். ஆனாலும் பழக்கிய ராப்டர், கலப்பின மிருகம் என்று அதன் சாயல் 2015இல் வந்த 'ஜுராசிக் வேர்ல்ட்'டில் தெரியத்தான் செய்கிறது.

இதெல்லாம் நமக்குத் தெரிவதற்குக் காரணம், வெட்டியதை அவர்கள் பத்திரப்படுத்தியதுதான். பத்திரப்படுத்துவதன் அருமைக்கு நம் நாட்டு நிஜ டைனோசர் ஒன்றே சாட்சி. ஆனால் திண்டுக்கல் அருகே எங்கள் வடமதுரைப் பக்கம் டைனோசர் தேடிப் பயனில்லை. திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறை டைனோசர்களுக்கும் பல கோடி ஆண்டு மூத்தது. நெடுஞ்சாலையில் ஏறித் திருச்சி தாண்டி அரியலூர் போக வேண்டும். அங்கே கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளுக்கு 1987இல் யாதகிரியும் அய்யாசாமியும் புருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முதலில் ஊனுண்ணி என்றார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள் நீள்கழுத்துத் தாவரவுண்ணி என்றார்கள். உலகின் மிகப்பெரிய டைனோசர்களில் ஒன்றாக இருந்திருக்கலாம். எலும்புகளோ ஈரத்தில் உதிர்ந்து போய்விட்டன. இன்று அதைப்பற்றிப் பேச முடிவதே வரைபடங்களும், 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும் இருப்பதால்தான்.

தமிழ் சினிமாவில் 1997இல் இங்கிலாந்து ராணி முன்னிலையில் தொடங்கி நின்றுபோன 'மருதநாயகம்' படத்தின் சில நிமிடத் துண்டை இன்றும் தேடித்தேடிப் பார்க்கிறோம். நம் இயக்குநர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வெட்டிய சீனை, கைவிட்ட ஸ்டோரிபோர்டை, வேண்டாமென்று வைத்த கிளைமாக்ஸைக் குப்பைக்கு அனுப்பாதீர்கள். படத்தோடு சேர்த்து வெளியிடுங்கள், பார்க்க நாங்கள் இருக்கிறோம்.