படிக்கத் தெரியாதவரிடம் விற்பது

தனியாக மொழிபெயர்ப்புத் தொழில் செய்பவர்களுக்குச் சொல்லப்படும் வியாபார அறிவுரை ஏறக்குறைய ஒன்றேதான். ஏஜென்சிகளை நம்பிக் கிடக்காதே, நேரடி வாடிக்கையாளரைப் பிடி, ஒரு துறையில் ஊன்றி நில், விலையைத் துணிந்து கேள். இதைக் கூர்மையாகச் சொன்னவர்களில் ஒருவர் கிறிஸ் டர்பன். 2010-இல் வந்த ‘தி பிராஸ்பரஸ் டிரான்ஸ்லேட்டர்’ என்ற நூல் அவருடையது. அவர் சொல்வதில் தப்பு இல்லை. ஆனால் அவர் பாரிஸில் இருந்துகொண்டு பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு மொழிபெயர்ப்பவர். பிரெஞ்சு நிறுவன அதிகாரி ஒருவர் தன் ஆண்டறிக்கையின் ஆங்கிலத்தைப் புரட்டிப் பார்த்து, இது ஓடுகிறது, இது நொண்டுகிறது என்று ஓரளவாவது சொல்லிவிடுவார். ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் செய்யும் நமக்கு வேலை தருபவரோ சுவிட்சர்லாந்தின் பாசலிலோ மும்பையிலோ உட்கார்ந்திருக்கிறார். அவருக்குத் தமிழில் ‘அ’னா ‘ஆ’வன்னா தெரியாது. அறிவுரை சறுக்குவது அங்கேதான்.

சரக்கின் தரம் விற்பவருக்கு மட்டும் தெரிந்தால் சந்தை என்ன ஆகும் என்று பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். நல்ல காரையும் ஓட்டைக் காரையும் பிரித்தறிய முடியாதவர் இரண்டுக்கும் நடுத்தர விலைதான் தருவார். அது கட்டுப்படியாகாத நல்ல காரின் சொந்தக்காரர் விற்கவே வரமாட்டார். தமிழ் மொழிபெயர்ப்புச் சந்தைக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை நான் படித்ததில்லை.

மருந்து ஆய்வில் சேருபவர்களிடம் கையெழுத்து வாங்கும் ஒப்புதல் படிவத்தை எடுத்துக்கொள்வோம். எங்களில் பலருக்குச் சோறு போடும் வேலை அது. தமிழ் தெரியாத நிறுவனம் தரத்தைச் சோதிக்க வைத்திருக்கும் வழி பேக் டிரான்ஸ்லேஷன்: தமிழை இன்னொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கி, மூலத்தோடு ஒப்பிடுவது. ‘நீங்கள் குமட்டலை அனுபவிக்கலாம்’ என்று எழுதினால், திரும்பிப் போகும்போது மூலத்தில் இருந்த ‘எக்ஸ்பீரியன்ஸ்’ அச்சுப் பிசகாமல் வந்து நிற்கும். ஒரு கேள்வியும் எழாது. ‘உங்களுக்குக் குமட்டல் வரலாம்’ என்று எழுதிப் பாருங்கள். அந்த வினைச்சொல் எங்கே போயிற்று என்று எக்செல் தாளில் சிவப்புக் கட்டத்தோடு விளக்கம் கேட்டு வரும். குமட்டலை யாராவது அனுபவிப்பார்களா? ஆனால் விளக்கம் எழுத வேண்டியவர் நல்ல தமிழ் எழுதியவர்தான். அதற்குத் தனிக் கூலியும் கிடையாது. தரத்தை அளக்க வைத்த தராசே மோசமான சரக்கின் பக்கம் சாய்கிறது. இந்த நிலையில் ‘தரத்தைக் காட்டி விற்றுக்கொள்’ என்பவர் எந்தத் தராசில் காட்டுவது என்றும் சொல்ல வேண்டும்.

சான்றிதழ் காட்டலாம் என்பார்கள். ஆஸ்திரேலியாவில் அது செல்லும். 1977-இல் தொடங்கிய நாட்டி அமைப்பு தமிழுக்கும் தேர்வு வைத்துச் சான்று தருகிறது. அமெரிக்க மொழிபெயர்ப்பாளர் சங்கத்தின் சான்றிதழ்த் தேர்வில் தமிழ் இல்லை. சென்னையில் இருந்துகொண்டு அதன் உறுப்பினர் என்று போட்டுக்கொள்வது சந்தா கட்டியதற்கான ரசீதைச் சட்டமடித்து மாட்டுவது போல. ப்ரோஸ் என்ற மொழிபெயர்ப்பாளர் தளத்தில் ஒரு பக்கம் வைத்திருப்பது தேவைதான், தேடுபவர் கண்ணில் பட வேண்டுமே. லிங்க்ட்இன்னில் தினம் ஒரு பதிவு போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை; அதற்கு விருப்பக்குறி போடுபவர்கள் பெரும்பாலும் நம்மைப் போலவே வேலை தேடும் சக மொழிபெயர்ப்பாளர்கள்.

தமிழ் படிக்கத் தெரிந்த வாடிக்கையாளரையே பிடிக்கலாமே என்று கேட்கலாம். பிடிக்கலாம். உள்ளூர்ப் பதிப்பகமும் தொண்டு நிறுவனமும் நம் எழுத்தின் அருமையை வாய் நிறையச் சொல்லும். மாதக் கடைசியில் கணக்குப் பார்த்தால், படிக்கத் தெரிந்தவர் தருவது குறைவு, தருகிறவருக்குப் படிக்கத் தெரியாது.

வாய்மொழியாகச் செய்யும் உரைபெயர்ப்பில் நிலைமை வேறு. இங்கே விளம்பரம் பெரும்பாலும் வீண் என்பதே என் கணிப்பு, ஏனென்றால் பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம். 2012-இல் இங்கிலாந்து, வேல்ஸ் நீதிமன்றங்களின் உரைபெயர்ப்பை நீதி அமைச்சகம் ஒரே நிறுவனத்திடம் ஒப்படைத்தது. உரைபெயர்ப்பாளர்களின் தேசியப் பதிவேட்டில் இருந்த அனுபவசாலிகள் பலர் குறைந்த கூலிக்கு வர மறுத்தார்கள். ஆள் வராமல் விசாரணைகள் தள்ளிப்போயின. தேசியத் தணிக்கை அலுவலகம் அதே ஆண்டு அறிக்கை கொடுக்கும் அளவுக்குப் போனது விவகாரம். அந்த உரைபெயர்ப்பாளர்களில் யாருடைய விசிட்டிங் கார்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் ஒப்பந்தத்தின் ஒரு வரி மாறியிருக்காது. கூடி நின்று மறுத்ததுதான் பிரச்சினையை வெளியே கொண்டுவந்தது. ஒரே ஒரு விளம்பரத்துக்கு மட்டும் இங்கே அர்த்தம் உண்டு: ‘யாழ்ப்பாணத் தமிழ் புரியும்’ என்று உண்மையாகவே சொல்ல முடிவது. அகதி விசாரணையில் ஒருவர் ‘எனக்கு வடிவாத் தெரியாது’ என்றால் அவர் அழகைப் பற்றிப் பேசவில்லை, சரியாகத் தெரியாது என்கிறார். தமிழ்நாட்டுக்காரர் அங்கே இடறினால், கேட்டுக்கொண்டிருக்கும் அதிகாரிக்குத் தெரியவே தெரியாது.

ஆக, எழுத்து மொழிபெயர்ப்பில் டர்பனின் அறிவுரையில் நமக்குப் பாதி தேறும். துறையில் ஊன்றுவது சரி. நேரடி வாடிக்கையாளர் என்பது, அவர் பக்கத்தில் தமிழ் படிக்கிற ஒருவர் இருந்தால் மட்டும் சரி. இல்லையென்றால், சங்கிலியில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள், ஏஜென்சி நம் வேலையைச் சரிபார்க்கக் கொடுக்கும் ரிவ்யூவர். நாம் விற்க வேண்டியது அவரிடம். அவர் போட்டியாளரும்கூட, பொறாமையில் வெட்டவும் வெட்டுவார். இருந்தாலும் என்னைத் தேடி வந்த நல்ல வேலைகளில் பெரும்பாலானவை, முன்பு என் பிரதியைத் திருத்தியவர்கள் கைகாட்டியவை. அவர்களின் திருத்தத்தில் ஏற்றதையும் ஏற்காததையும் காரணத்தோடு இரண்டு வரியில் எழுதி அனுப்புவதற்கு ஆகும் அரைமணி நேரம், நூறு லிங்க்ட்இன் பதிவுகளுக்குச் சமம்.

தமிழே தெரியாதவரிடம் காட்ட ஒன்று மிச்சம் இருக்கிறது. டிசைனர் கைக்குப் போனதும் தமிழ் சிதையும். ‘பெண்’ணில் கொம்பு, பகரத்துக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும். அச்சுக்குப் போகும் முன் பிடிஎஃப்பை ஒருமுறை அனுப்பச் சொல்லிப் பாருங்கள், கட்டணம் இல்லை என்றே சொல்லுங்கள். நாம் அனுப்பிய பக்கத்தையும் அவர்கள் அச்சிடவிருந்த பக்கத்தையும் அருகருகே வைத்து, இடம் மாறிய கொம்பைச் சிவப்பாக வட்டமிட்டு அனுப்பினால், பாசலில் இருப்பவருக்கும் தப்பு கண்ணுக்குத் தெரியும்.